தேறியது வலது

காலை ஏழே முக்காலுக்குக்
கம்பெனி பஸ் என்னைச் சுங்கை டுவாவில் இறக்கிவிட்டது.
லிப்ட் இன்றும் ஒன்பதாம் மாடியோடு நின்றுகொண்டது.
மிச்சம் இரண்டு மாடி என் முட்டிகளின் பொறுப்பு.

யுவனேஷ் கணினியை அணைக்காமல் தூங்கிவிட்டிருக்கிறான்.
திரை முழுக்க நீலம்,
நடுவில் மிகப் பணிவான எழுத்து:
இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிகிறது.
புதியதற்கு உங்கள் கணினி தகுதி பெறவில்லை.

தகுதி பெறவில்லை.

நேற்றிரவு மட்டும் இதை
நானூற்றுப் பதினேழு முறை சொல்லியிருக்கிறேன்,
வாயால் அல்ல,
இடதுபக்கத் தட்டில் தள்ளிவிட்டு.
பாயான் லெப்பாசில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்,
தேறியது வலது, தேறாதது இடது.
எந்தச் சில்லு எந்த வீட்டுக்குப் போகும்
என்று எங்களுக்குச் சொல்வதில்லை.
பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி
என் வலதுபக்கம் போன ஒன்றுதானோ என்னவோ
இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து
இப்போது முறைக்கிறது.

கொம்தாரில் கடை வைத்திருக்கும் கோ
தமிழில் அக்கா என்றார், மீதியை மலாயில்.
புதுசு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
இல்லாவிட்டால் சோதனையை ஏமாற்றி
இதிலேயே ஏற்றித் தருவாராம், எண்பது.
என்னிடம் போய்ச் சொல்கிறார்,
பதினாறு வருஷமாகச் சோதனைக்குச் சம்பளம் வாங்குகிறவளிடம்.
ஒன்றுமே செய்யாமல் விட்டால்? என்றேன்.
ஓடும், என்றார்,
பிரேக் பிடிக்காத பஸ்ஸும் ஓடத்தானே செய்கிறது.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?
மகனின் ஐந்தாம் படிவப் பயிற்சிகள்.
கொடிமலை ரயிலில் எடுத்த படம், எல்லாரும் கண்ணை மூடியபடி.
அப்புறம் கூட்டுக் கணக்கு.
இருபத்திரண்டு பெண்கள், மாதம் இருநூறு வெள்ளி,
யார் எடுத்தாயிற்று, யார் காத்திருந்தார்கள்.
தம்பி கதிரேசன் எழுதித் தந்த கோப்பு அது.
பழையதில் மட்டும் திறக்கும்.
கடவுச்சொல் இந்தக் கணினிக்குத் தெரியும்,
எனக்குத் தெரியாது.

கதிரேசன் ஜொகூரில் இருக்கிறான்.
இரண்டு தீபாவளியாகப் பேச்சில்லை.

மூன்று பொத்தான்கள் காட்டுகிறது.
நடுவில் இருக்கும் 'பிறகு நினைவூட்டு'
எனக்கென்றே யாரோ செய்தது.
முட்டி எக்ஸ்ரேயை அதில்தான் வைத்திருக்கிறேன்,
சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதுவதையும்.

யுவனேஷின் பழைய நோட்டில் காலிப் பக்கம் தேடிக்
கையாலேயே எழுத ஆரம்பித்தேன்.
ஒன்று, பிரேமலதா. இரண்டு, மூன்றாம் மாடி சித்தி ஆமினா.
மூன்று, நான்கு...
மைலோ ஆறியது.
பதினொன்றில் பேனா நின்றது.
கதிரேசன் மனைவி.
எடுத்தது பதினோராம் மாதம்.
கட்டாதது அதற்குப் பிறகு வந்த பதினொரு மாதமும்.
இரண்டாயிரத்து இருநூறு.
ஆளாளுக்குப் பதில் சொல்லி நான் அடைத்தேன்.

ஒரு புதுக் கணினி,
நானூறு வெள்ளி மிச்சம்.

தம்பி கடன்பட்டதற்கு இருக்கும் ஒரே சாட்சி
தம்பி போட்ட பூட்டுக்குள்,
சாவியும் அவனிடமே.
இத்தனை நாளும் இது உறைக்கவில்லை எனக்கு.
சிரிப்பு வந்தது, தனியாக,
பல்கூடத் தேய்க்காத வாயால்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்தா முடிஞ்சதும்மா,"
யுவனேஷ் துண்டோடு கடந்து போனான்.
எடுக்கலாம்தான்.
ஆனாலும் பன்னிரண்டை எழுதினேன், பதின்மூன்றை.

இருபத்திரண்டும் முடிந்தபின் போனை எடுத்தேன்.
பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"கூட்டு பைலுக்கு பாஸ்வேர்ட் என்ன?"

இரண்டு டிக்கும் உடனே நீலம்.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதுகிறான்.

கணினி அதற்குள் இன்னொரு முறை கேட்டது.
இரு, என்றேன்,
எந்தப் பொத்தானையும் தொடாமல்.